அமெரிக்க பட்ஜெட் சண்டைகளால் அரசுக்குப் பணம் மிச்சமாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டனில் செலவைக் குறைக்கிறோம் என்று தொடங்கும் சண்டை அரசு முடக்கத்தில், அதாவது பண ஒதுக்கீடு இல்லாமல் அரசு அலுவலகங்களை மூடுவதில், முடிகிறது. அல்லது கடன் உச்சவரம்பை வைத்து கடைசி நிமிடம் வரை இழுபறி நடக்கிறது. இதில் கஜானாவுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் இங்கே பேச்சு. தொகைகள் எல்லாம் டாலரில், நம் வழக்கப்படி கோடியில் தரப்பட்டுள்ளன: ஒரு பில்லியன் என்பது 100 கோடி, ஒரு டிரில்லியன் என்பது 1 லட்சம் கோடி.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: மிச்சமாகிறதா, இல்லையா?

சண்டையால் மிச்சமாவதில்லை, கூடுதல் செலவுதான் ஆகிறது. சண்டை முடிந்தபின் இரு கட்சிகளும் கையெழுத்திட்டு, மீறினால் என்ன ஆகும் என்பதையும் எழுதிவைத்த சட்டம் வந்தால் கொஞ்சம் மிச்சமாகும். அப்படி வந்த சட்டங்கள் மிகச் சில. அவற்றையும் சில ஆண்டுகளில் அவர்களே தளர்த்திவிடுகிறார்கள்.

அரசு முடக்கம் ஏன் அடிக்கடி வருகிறது?

அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் பிரதிநிதிகள் சபை, செனட் இரண்டிலும் நிறைவேறி, அதிபர் கையெழுத்தும் ஆக வேண்டும். இப்போதைய நடைமுறை வந்த 1970களிலிருந்து இன்றுவரை எல்லா மசோதாக்களும் நேரத்துக்கு நிறைவேறிய ஆண்டுகள் நான்கே நான்கு. கடைசியாக நடந்தது 1996இல்.

மசோதா நிறைவேறாவிட்டால் அலுவலகத்தை மூட வேண்டும் என்பது ஆதியிலிருந்து இருந்த வழக்கம் அல்ல. ஒதுக்கீடு இல்லாமல் அரசு செலவு செய்யக் கூடாது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் உண்டு. ஆனாலும் 1980க்கு முன்பு, நாலு நாளில் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அலுவலகங்கள் வழக்கம்போல ஓடின. ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி 1980, 1981இல் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்து, ஒதுக்கீடு இல்லையென்றால் மூடத்தான் வேண்டும், உயிரையும் உடைமையையும் காக்கும் அவசர வேலைகள் மட்டுமே நடக்கலாம் என்ற பொருளில் கருத்துச் சொன்னார். இன்றைய முடக்கங்கள் எல்லாம் அந்தக் கருத்தின்மேல்தான் நிற்கின்றன. செலவைக் குறைக்க யாரும் திட்டமிட்டு உருவாக்கிய கருவி அல்ல இது.

அலுவலகத்தை மூடினால் செலவு குறைந்துதானே ஆக வேண்டும்? கடையை மூடினால் கரண்ட் பில்லாவது குறையுமே?

பலரும் தடுமாறும் இடம் இதுதான். ஓர் அரசு ஆய்வகத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்தால் விளங்கும்.

முதல் நாள் காலையில் எல்லோரும் வேலைக்கு வருகிறார்கள். நாலு மணி நேரம்வரை ‘ஒழுங்காக மூடும்’ வேலை நடக்கும்: கோப்புகளைப் பூட்டுவது, நடந்துகொண்டிருக்கும் சோதனைகளை நிறுத்துவது, மின்னஞ்சலில் ‘அலுவலகத்தில் இல்லை’ என்று போடுவது, ஒப்பந்ததாரர்களுக்கு வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு அனுப்புவது. இந்தத் திட்டத்தை ஒவ்வொரு துறையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். அதற்காக மூத்த அதிகாரிகள் செப்டம்பரில் செலவழிக்கும் நேரத்துக்கும் சம்பளம் உண்டு. கடைசி நேரத்தில் சமரசம் ஆகி முடக்கம் நடக்காமல் போனாலும் அந்தச் செலவு செலவுதான்.

பிறகு ஊழியர்கள் இரண்டாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஆய்வக எலிகளுக்குத் தீனி போடுபவர், உறைபெட்டிகளைக் கவனிப்பவர், காவலாளி ஆகியோர் சம்பளம் வராமலே வேலை பார்க்க வேண்டும். மற்றவர்கள் சம்பளமில்லாக் கட்டாய விடுப்பில் வீட்டுக்குப் போகிறார்கள். கட்டட வாடகை, குளிரூட்டல், காவல் எல்லாம் அப்படியே தொடர்கின்றன.

முடக்கம் முடிந்ததும் இரு பிரிவினருக்கும் முழுச் சம்பளம் அரியர்ஸாக வந்துவிடும். முன்பு ஒவ்வொரு முறையும் தனிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் இதற்கென்றே நிரந்தரச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 அக்டோபரில் தொடங்கிய முடக்கத்தில், அந்தச் சட்டம் எல்லோருக்கும் பொருந்துமா என்று வெள்ளை மாளிகை ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது. கடைசியில் முடக்கத்தை முடித்த நவம்பர் 12 சட்டத்தில் முழுச் சம்பளமும் உறுதி செய்யப்பட்டது. ஆக, சம்பளத்தில் ஒரு காசு மிச்சமில்லை. வாங்காத வேலைக்குக் கூலி கொடுத்ததுதான் நடந்தது.

இதைத் தொகையில் பார்க்கலாம். 2025 முடக்கம் தொடங்கும் முன்பு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் போட்ட மதிப்பீடு: நாளொன்றுக்குச் சுமார் 7.5 லட்சம் பேர் வீட்டில் இருப்பார்கள், அவர்களுக்கான ஊதியச் செலவு ஒரு நாளைக்கு 40 கோடி டாலர். தலைக்கு ஏறக்குறைய 533 டாலர் வருகிறது. நூறு பேர் உள்ள ஓர் அலுவலகம், அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை விடுமுறைகள் போக 29 வேலை நாட்கள் மூடியிருந்தால், நடக்காத வேலைக்குக் கொடுத்த சம்பளம் மட்டும் 15 லட்சம் டாலரைத் தாண்டும்.

இதோடு தொடர் செலவுகளும் உண்டு. நிறுத்தி வைத்த ஒப்பந்தத்தை மீண்டும் தொடங்கும்போது ஆட்களையும் இயந்திரங்களையும் திரும்பக் கொண்டுவரும் செலவை ஒப்பந்ததாரர் கேட்பார். நேரத்தில் கட்டாத பில்லுக்கு அரசு வட்டி கட்ட வேண்டும். அதற்கும் தனிச் சட்டம் உள்ளது. வரவேண்டிய கட்டணங்கள் வராது: 2013 முடக்கத்தில் தேசியப் பூங்காத் துறைக்கு மட்டும் சுமார் 70 லட்சம் டாலர் வருமானம் போனது. வேலை குவிந்துவிடும்: 2019இல் வருமான வரித் துறை மீண்டும் திறந்தபோது பதில் போடாத கடிதங்கள் 50 லட்சத்துக்கு மேல் கிடந்தன. அதுவும் வரித் தாக்கல் பருவம் தொடங்கும் நேரத்தில்.

கரண்ட் பில் கொஞ்சம் குறைந்திருக்கலாம். அதைக் கணக்கில் எடுக்கும் அளவுக்கு யாரும் மெனக்கெடவில்லை.

இதுவரை ஆன நஷ்டத்துக்கு ஏதாவது மொத்தக் கணக்கு உண்டா?

ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் கணக்கிட்டிருக்கிறார்கள். அளக்கும் பொருளும் வேறுபடுகிறது. அரசின் கஜானாவுக்கு ஆன நேரடிச் செலவு ஒன்று, நாட்டின் பொருளாதாரத்துக்கு ஆன இழப்பு இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பும் செய்திகள்தான் அதிகம்.

கஜானா கணக்கில், அதிபர் பில் கிளின்டனுக்கும் பிரதிநிதிகள் சபையின் தலைவர் நியூட் கிங்ரிச்சுக்கும் இடையே 1995–96இல் நடந்த இரண்டு முடக்கங்களுக்கு (முதலில் 5 நாள், பிறகு 21 நாள்) சுமார் 140 கோடி டாலர் என்று வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் சொன்னது. 2013இல் 16 நாள் முடக்கத்தில் வீட்டிலிருந்தவர்களின் சம்பளம் மட்டும் 200 கோடி, மற்ற சலுகைகளையும் சேர்த்தால் 250 கோடி. வீணான வேலை நாட்கள் 66 லட்சம். 2013, 2018, 2019 மூன்றையும் சேர்த்து செனட்டின் விசாரணைத் துணைக்குழு 2019 செப்டம்பரில் அறிக்கை தந்தது: வேலை வாங்காமல் கொடுத்த சம்பளம் 370 கோடி, கூடுதல் நிர்வாகச் செலவுகள் 33.8 கோடி. பல துறைகள் கணக்குத் தரவே இல்லை என்பதால் அது குறைந்தபட்சத் தொகை.

பொருளாதாரக் கணக்கில், 2018–19இன் 35 நாள் முடக்கத்தால் உற்பத்தி 1,100 கோடி டாலர் குறைந்தது. அதில் 300 கோடி திரும்ப வரவே வராது என்பது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. 43 நாள் நீடித்து எல்லாச் சாதனைகளையும் முறியடித்த 2025 முடக்கத்துக்கு, ஆறு வாரம் நீடித்தால் என்ற கணக்கில் அதே அலுவலகம் சொன்ன நிரந்தர இழப்பு 1,100 கோடி.

நஷ்டம் வந்தாலும், அந்தச் சண்டை செலவைக் குறைக்கத்தானே நடந்தது?

பெரும்பாலும் இல்லை. பெரிய முடக்கங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 1995–96 மட்டும்தான் நேராகச் செலவுக் குறைப்பைப் பற்றியது. ஏழு ஆண்டில் பற்றாக்குறையே இல்லாத பட்ஜெட் வேண்டும் என்பது குடியரசுக் கட்சியின் கோரிக்கை. 2013இல் சண்டை ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நிறுத்தி வைப்பதற்காக. சட்டம் நிற்கவில்லை, காப்பீட்டுச் சந்தைகள் முடக்கம் தொடங்கிய அதே அக்டோபர் 1இல் திறந்தன. 2018–19இல் சண்டை கூடுதலாகச் செலவழிப்பதற்காக: எல்லைச் சுவருக்கு டிரம்ப் கேட்டது 570 கோடி. முடக்கத்துக்கு முன் ஜனநாயகக் கட்சியினர் தருவதாகச் சொன்னது சுமார் 130 கோடி. 35 நாளுக்குப் பிறகு கிடைத்தது 137.5 கோடி. 2025இலும் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்ற ஜனநாயகக் கட்சியின் கோரிக்கையில்தான் முடக்கம் வந்தது. முடக்கத்தை முடித்த சட்டத்தில் அந்த நீட்டிப்பு இல்லை.

சிக்கனத்துக்காக நடக்கும் சண்டை என்று முடக்கங்களை நினைப்பது, தொலைக்காட்சி விவாதங்களை அப்படியே நம்புவதால் வரும் பிழை.

கடன் உச்சவரம்புச் சண்டை வேறுதானே?

வேறுதான், இன்னும் ஆபத்தானது. முடக்கத்தில் புதிய செலவுக்கு அனுமதி இல்லை. கடன் உச்சவரம்பிலோ ஏற்கெனவே நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒப்புக்கொண்ட செலவுக்குக் கடன் வாங்க அனுமதி இல்லை. சாப்பிட்டு முடித்தபின் பில் கட்டலாமா என்று வாக்கெடுப்பு நடத்துவதுபோலத்தான். 1917இல், முதல் உலகப்போர்க் கடன் பத்திரங்களை வெளியிடும் வேலையை எளிதாக்க வந்த ஏற்பாடு இது.

வரம்பைத் தொட்டதும் கருவூலம் சில மாற்று ஏற்பாடுகளில் இறங்குகிறது. அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிகளில் புதிய பத்திரம் போடுவதை நிறுத்தி, அந்த அளவுக்குச் சந்தையில் கடன் வாங்க இடம் பண்ணிக்கொள்கிறது. வரம்பு உயர்ந்தபின் வட்டியோடு திருப்பி வைத்துவிடும். இதனால் ஊழியருக்கு நஷ்டமில்லை. நஷ்டம் வருவது குறுகிய காலப் பத்திரச் சந்தையில். பணம் தீரும் நாள் என்று கருவூலம் சொல்லும் தேதிக்கு ஒட்டி முதிர்ச்சி அடையும் பத்திரங்களை யாரும் தொட விரும்புவதில்லை, அதனால் அவற்றின் வட்டி ஏறுகிறது. 2023 மே கடைசியில், ஜூன் முதல் வாரத்தில் முதிரவிருந்த சில பத்திரங்களின் வட்டி 7 சதவீதத்தைத் தொட்டது.

2011 சண்டையால் அந்த ஒரு நிதியாண்டில் மட்டும் கடன் வாங்கும் செலவு சுமார் 130 கோடி டாலர் கூடியது என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அமைப்பு கணக்கிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 5இல் ஸ்டாண்டர்டு அண்டு புவர்ஸ் அமெரிக்காவின் உயர்தரக் கடன் மதிப்பீட்டை ஒரு படி இறக்கியது. 2023 ஆகஸ்டில் ஃபிட்ச்சும், 2025 மேயில் மூடீஸும் அதையே செய்தன. முதல் இரண்டு நிறுவனங்களும் சொன்ன காரணங்களில், கடன் எவ்வளவு என்பதோடு, அதைக் கையாளும் அரசியல் நிர்வாகம் மோசம் என்பதும் இருந்தது.

ஆனால் 2011 சண்டைதானே செலவுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது? அது பணத்தை மிச்சப்படுத்தவில்லையா?

படுத்தியது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2011 ஆகஸ்ட் 2இல் வந்த பட்ஜெட் கட்டுப்பாட்டுச் சட்டம், ஆண்டுதோறும் ஒதுக்கும் செலவுகளுக்குப் பத்தாண்டு உச்சவரம்பு வைத்தது. மேலும் 1.5 லட்சம் கோடி டாலர் குறைக்க 12 உறுப்பினர் கொண்ட இருகட்சிக் குழுவையும் அமைத்தது. குழு ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலான துறைகளில் தானாகக் கத்தி விழும் என்றும் எழுதி வைத்தார்கள். அந்தக் கத்தி விழாது, பயமுறுத்தத்தான் என்று இரு கட்சியும் நினைத்தன. நவம்பரில் குழு தோற்றது. 2013 மார்ச் 1இல் கத்தி விழுந்தது. அந்த ஆண்டுக்கு 8,500 கோடி.

பலன் கணக்கில் தெரிகிறது. ஆண்டு ஒதுக்கீட்டுச் செலவு 2011இல் சுமார் 1.35 லட்சம் கோடியாக இருந்தது, 2014இல் 1.18 லட்சம் கோடியாக இறங்கியது. இராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவு குறைந்ததும் பொருளாதார ஊக்க நிதி தீர்ந்ததும் இதில் ஒரு பங்கு. மீதி உச்சவரம்பின் வேலை.

வெட்டிய விதம்தான் கோணல். எது தேவை, எது தேவையில்லை என்று பார்க்காமல் ஒவ்வொரு திட்டத்திலும் ஒரே விகிதத்தில் வெட்டச் சொன்னது சட்டம். அதுவும் நிதியாண்டில் ஐந்து மாதம் கழிந்தபின், மிச்ச ஏழு மாதத்தில் முழு வெட்டையும் திணிக்க வேண்டியிருந்தது. 2013 ஏப்ரலில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள்; விமானங்கள் தாமதமாயின. ஒரே வாரத்தில் நாடாளுமன்றம் அவசரச் சட்டம் போட்டு, விமான நிலைய மேம்பாட்டுக்கு வைத்திருந்த 25.3 கோடி டாலரை எடுத்து அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழி செய்தது. உறுப்பினர்களும் அதே விமானங்களில்தான் ஊருக்குப் போகிறார்கள் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஏழைக் குழந்தைகளின் பாலர் பள்ளித் திட்டத்துக்கு அந்த அவசரம் கிடைக்கவில்லை.

பிறகு 2013, 2015, 2018, 2019 என நான்கு முறை ஒப்பந்தம் போட்டு வரம்பை உயர்த்தினார்கள். போர்ச் செலவு வரம்புக்குள் வராது என்ற விதிவிலக்கைப் பயன்படுத்தி, ராணுவத்தின் அன்றாடச் செலவுகளையும் அந்தக் கணக்கில் எழுதினார்கள். 2019இல் ஒதுக்கீட்டுச் செலவு மறுபடி 1.34 லட்சம் கோடிக்கு வந்துவிட்டது.

முடக்கம் வராமல் இடைக்கால ஒதுக்கீடு போட்டுவிட்டால் நஷ்டம் இல்லைதானே?

உண்டு, கண்ணுக்குத் தெரியாது. இடைக்கால ஒதுக்கீட்டில் போன ஆண்டுத் தொகைதான், போன ஆண்டு வேலைகள்தான். புதிய திட்டம் எதையும் தொடங்கக் கூடாது. தேவை தீர்ந்துபோன பழைய திட்டத்துக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஓராண்டுக்கு ஒரே ஒப்பந்தமாகப் போட வேண்டியதை ஏழு வாரத்துக்கு ஒன்று, பத்து வாரத்துக்கு ஒன்று என்று துண்டு போட வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காகித வேலை, மொத்தமாக வாங்கினால் கிடைக்கும் விலையும் கிடைக்காது. 2011 முதல் 2017 வரை இப்படி வீணானது 400 கோடி டாலர் என்று அப்போதைய கடற்படைச் செயலர் ரிச்சர்ட் ஸ்பென்சர் பகிரங்கமாகச் சொன்னார். முடக்கத்தைவிட இது பரவாயில்லை, அவ்வளவுதான்.

ஆட்களைக் குறைத்தால்? டோஜ் அதைத்தானே செய்தது?

டோஜ் என்பது செலவைக் குறைக்க டிரம்ப் 2025இல் அமைத்த அமைப்பு; அதை முன்னின்று நடத்தியவர் ஈலான் மஸ்க். 2024 அக்டோபரில் அவர் 2 லட்சம் கோடி டாலர் குறைக்க முடியும் என்றார். பிறகு இலக்கு பாதியானது. நிதியாண்டு முடிவில் மத்திய அரசின் மொத்தச் செலவு 2024இல் இருந்த சுமார் 6.75 லட்சம் கோடியிலிருந்து 2025இல் சுமார் 7 லட்சம் கோடியாக உயர்ந்தது.

காரணம் எளிது. 2022இல் மத்திய அரசின் சிவில் ஊழியர் அனைவருக்கும் சம்பளம், சலுகை எல்லாம் சேர்த்து ஆன செலவு சுமார் 27,100 கோடி. மொத்தச் செலவில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். பாதிப் பேரை அனுப்பினாலும் 2 சதவீதம்தான் குறையும். 2025இல் தாமாக விலகச் சம்மதித்த சுமார் 1.54 லட்சம் பேருக்கு, பெரும்பாலும் செப்டம்பர் 30 வரை, வேலை இல்லாமலே சம்பளம் போனது. பறவைக் காய்ச்சலைக் கவனித்த வேளாண் துறை ஊழியர்களையும், அணு ஆயுதப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஊழியர்களையும் நீக்கிவிட்டு, சில நாளில் திரும்பக் கூப்பிட்டார்கள்.

டோஜ் இணையப் பக்கத்தில் போட்ட ‘மிச்ச’ப் பட்டியலில் இரண்டு வகைப் பிழைகள் கிடந்தன. ஒன்று வெறும் கணக்குத் தவறு: 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் ஒன்று 800 கோடி என்று பதிவானது. இன்னொன்று நுணுக்கமானது. சில ஒப்பந்தங்களில் ‘இவ்வளவு வரை வாங்கலாம்’ என்று உச்சத் தொகை போட்டிருக்கும். உண்மையில் வாங்குவது அதில் சிறு பங்காக இருக்கலாம். ரத்து செய்தபோது அந்த உச்சத் தொகை முழுவதையும் மிச்சம் என்று எழுதினார்கள். வாங்கவே போகாத பொருளை வாங்காமல் விட்டதும் சேமிப்பாகிவிட்டது.

குறைத்தால் பற்றாக்குறை கூடுமா? அதெப்படி?

வரி வசூலிக்கும் துறையில் குறைத்தால் கூடும். 2022இல் வருமான வரித் துறைக்குப் பத்தாண்டில் செலவிட ஏறக்குறைய 8,000 கோடி கூடுதலாகக் கொடுக்கச் சட்டம் வந்தது. அதில் 1,430 கோடியை வெட்டி இஸ்ரேல் உதவிக்கு ஈடுகட்டலாம் என்று 2023 நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் மசோதா வந்தது. நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கு: செலவில் மிச்சம் 1,430 கோடி, வரி வருமானத்தில் இழப்பு 2,680 கோடி, பற்றாக்குறை நிகரமாக 1,250 கோடி கூடும். தணிக்கை செய்ய ஆள் இல்லையென்றால், சிக்கலான கணக்கு வைத்திருக்கும் பெரும் பணக்காரரின் வரிதான் முதலில் நழுவும்; மாதச் சம்பளக்காரரின் வரியை நிறுவனமே பிடித்துக் கட்டிவிடுகிறது.

அப்படியானால் பணம் எங்கேதான் போகிறது?

2024 நிதியாண்டில் மொத்தம் 6.75 லட்சம் கோடி. முதியோர், ஊனமுற்றோர் ஓய்வூதியம் சுமார் 1.45 லட்சம் கோடி. முதியோர் மருத்துவக் காப்பீடு சுமார் 87 ஆயிரம் கோடி, ஏழைகள் மருத்துவம் 62 ஆயிரம் கோடி. கடனுக்கு நிகர வட்டி 88 ஆயிரம் கோடி. ராணுவத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். முடக்கம், உச்சவரம்பு, ஒதுக்கீடு என்று சண்டை நடப்பதெல்லாம் ராணுவத்தையும் சேர்த்து 1.8 லட்சம் கோடிக்குள். மீதமுள்ள முக்கால் பங்கு, யாரும் வாக்களிக்காமலே ஆண்டுதோறும் தானாக ஓடுகிறது. வரிச் சலுகைகள் இந்தக் கணக்கிலேயே வராது.

2025 ஜூலையில் இது பளிச்சென்று தெரிந்தது. வெளிநாட்டு உதவி, பொது ஒலிபரப்பு ஆகியவற்றில் 900 கோடி ஒதுக்கீட்டைத் திரும்பப் பெற இரு சபைகளும் இரவெல்லாம் விவாதித்தன. அதே மாதம் 4ஆம் தேதி கையெழுத்தான வரிச் சட்டம், நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகக் கணக்குப்படி, பத்தாண்டில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி கூட்டும். முன்னதைப் போல 370 மடங்குக்கு மேல்.

எப்போதாவது பட்ஜெட்டைச் சமன் செய்தார்களா?

1998 முதல் 2001 வரை உபரி இருந்தது. 2000இல் மட்டும் 23,600 கோடி. அதற்கு வழி செய்தவை 1990, 1993, 1997 சட்டங்கள். 1990 சட்டம் இரண்டு பூட்டுகளைப் போட்டது: ஆண்டு ஒதுக்கீட்டுக்கு உச்சவரம்பு, புதிதாக வரியைக் குறைத்தாலோ நிரந்தரச் செலவைக் கூட்டினாலோ அதற்கு ஈடான பணத்தைக் காட்ட வேண்டும். வரியும் உயர்ந்தது. புதிய வரி கிடையாது என்று வாக்குக் கொடுத்திருந்த முதலாம் புஷ், 1992 தேர்தலில் அதற்கும் சேர்த்து விலை கொடுத்தார். பனிப்போர் முடிந்து ராணுவச் செலவு குறைந்ததும், பங்குச் சந்தை ஏற்றத்தில் வரி கொட்டியதும் பெரிய உதவி. கிங்ரிச்–கிளின்டன் முடக்கம் நேரடியாகத் தந்தது 140 கோடி செலவு. உடன்பாடு வந்தது 1997இல், இருவரும் உட்கார்ந்து பேசியபிறகு.

‘இத்தனை கோடி மிச்சம்’ என்று அறிவித்தால் எப்படிச் சரிபார்ப்பது?

முதலில், எதோடு ஒப்பிட்டு மிச்சம் என்று கேளுங்கள். போன ஆண்டோடு ஒப்பிடுகிறார்களா, அல்லது விலைவாசியோடு வளர்ந்திருக்க வேண்டிய கற்பனைத் தொகையோடா? இரண்டாவது என்றால், செலவு கூடியிருந்தாலும் ‘குறைப்பு’ என்று எழுதலாம். அடுத்து, ஓராண்டுத் தொகையா, பத்தாண்டுத் தொகையா; பத்தாண்டு என்றால் மிச்சத்தில் பெரும்பங்கு கடைசி இரண்டு ஆண்டில் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். முதியோர் மருத்துவக் காப்பீட்டில் 2 சதவீத வெட்டு 2011 சட்டப்படி 2021இல் முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு புதுச் செலவுக்கும் ஈடாக அதைச் சில மாதம், சில ஆண்டு நீட்டித்து நீட்டித்து இப்போது 2030களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரே வெட்டைப் பலமுறை விற்றிருக்கிறார்கள்.

செலவழிக்கும் அனுமதியை ரத்து செய்ததும், கஜானாவிலிருந்து வெளியே போகும் பணம் குறைந்ததும் ஒன்றல்ல. குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் நிதியில் எப்படியும் அந்த ஆண்டு தொடாத பணத்தை ‘இந்த ஆண்டு தடுத்தோம்’ என்று காட்டி, அதே அளவுக்கு வேறிடத்தில் செலவு செய்வது ஆண்டுதோறும் நடந்த உத்தி.

இதெல்லாம் அலுப்பாக இருந்தால் ஒரே ஒரு இடம் பாருங்கள். கருவூலம் மாதந்தோறும் வரவு செலவு அறிக்கை வெளியிடுகிறது, இலவசம். துறைவாரியாக நிதியாண்டு தொடக்கத்திலிருந்து ஆன செலவும், போன ஆண்டு இதே காலத்தில் ஆன செலவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்த வரிசையில் தெரியாத மிச்சம் வேறெங்கும் இருக்காது.

இந்தியாவில் ஏன் முடக்கம் வருவதில்லை?

மக்களவையில் நிதி மசோதாவோ மானியக் கோரிக்கையோ தோற்றால் அரசே கவிழும். எனவே பெரும்பான்மை உள்ள அரசு அதை நிறைவேற்றிவிடும். விவாதத்துக்கு நேரமில்லாவிட்டால் பல துறைகளின் கோரிக்கைகளை விவாதமின்றி ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடுகிறார்கள். தேர்தல் ஆண்டில் அரசியல் சாசனத்தின் 116ஆவது பிரிவுப்படி, முன்பணமாகச் சில மாதத்துக்கு மட்டும் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் அதிபர் ஒரு கட்சி, சபை இன்னொரு கட்சி என்று இருந்தாலும் இருவரும் பதவியில் நீடிப்பார்கள். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 வாக்கு தேவை. யாரும் வீட்டுக்குப் போகாத அமைப்பில் ஊழியர்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். முடக்கம் என்னைப் பாதிக்குமா?

குடியேற்றத் துறை விண்ணப்பக் கட்டணத்தில் இயங்குவதால் அது பெரும்பாலும் திறந்திருக்கும். சென்னைத் துணைத் தூதரகத்தின் விசா வேலையும் கட்டணத்தில்தான் நடக்கிறது. சிக்கல் தொழிலாளர் துறையில். எச்-1பி மனுவோடு வைக்க வேண்டிய ஊதிய நிபந்தனைச் சான்றை அந்தத் துறைதான் தர வேண்டும், அதற்குப் பணம் ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது. 2013இல் அது நின்றது. 2018–19இல் அந்தத் துறைக்கு முழு ஆண்டு ஒதுக்கீடு ஏற்கெனவே நிறைவேறியிருந்ததால் நிற்கவில்லை. 2025இல் மறுபடி நின்று, முடக்கம் முடியும் முன்பே அக்டோபர் கடைசியில் திறந்தது. பச்சை அட்டைக்கான முதல்கட்டத் தொழிலாளர் சான்றுக்கும் இதே நிலைதான்.

சாதாரணமாக அந்தச் சான்று ஏழு வேலை நாளில் வரும்; நீட்டிப்பு மனுவைக் காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே போடலாம். உங்கள் விசா அக்டோபர் முதல் ஜனவரிக்குள் முடிவதாக இருந்தால், செப்டம்பர் 15க்குள் சான்று விண்ணப்பம் போய்விட்டதா என்று நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை மாறுவதாக இருந்தால், புதிய நிறுவனத்தின் மனு குடியேற்றத் துறைக்குப் போய், பெற்றுக்கொண்டதற்கான ரசீது வரும்வரை பழைய வேலையில் ராஜினாமா கொடுக்க வேண்டாம்.